எல்ஃப்களைக் கண்டு பயப்படுவதை எப்போது நிறுத்தினோம்?

பழைய_வாசகன்

கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடுகிற விஷயம், இங்கே கொட்டிவிடுகிறேன். எந்த ஃபேண்டஸி நாவலை எடுத்தாலும் எல்ஃப் (ஐரோப்பியப் பழங்கதைகளில் வருகிற, மனித உருவ மாய இனம்) என்றால் உயரமாக, ஒல்லியாக, நீளமுடியோடு, கையில் வில்லோடு வந்து நிற்பார். வயது ஆயிரம் இருக்கும், முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. நாலு வரி கவிதை சொல்லி, ஹீரோவுக்குச் சாப்பிடக் கொடுத்து வழியனுப்பி வைப்பார். கொஞ்சம் திமிர் உண்டு, மற்றபடி நல்லவர். கதைக்குள் யாராவது அவரைக் கண்டு நிஜமாகவே நடுங்கிப் பார்த்திருக்கிறீர்களா?

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் இதே எல்ஃப் நோயைக் கொண்டுவருகிற ஆள். லாக்னுங்கா என்று ஒரு பழைய வைத்தியச் சுவடி இருக்கிறது. திடீரென்று உடம்பில் சுருக்கென்று குத்துகிற வலிக்கு அதில் மருந்தும் மந்திரமும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். சிவப்புக் காஞ்சொறி, இன்னும் இரண்டு மூலிகை, எல்லாவற்றையும் வெண்ணெயில் போட்டுக் காய்ச்ச வேண்டும். மந்திரம் என்ன சொல்கிறது என்றால், மேட்டின் மேல் பேரிரைச்சலோடு சிலர் சவாரி போனார்கள், வலிமையான பெண்கள் ஈட்டி எறிந்தார்கள், உன் உடம்பில் இறங்கியது தெய்வங்கள் எய்ததோ எல்ஃப்கள் எய்ததோ சூனியக்காரி எய்ததோ, எதுவானாலும் உனக்கு நான் உதவி செய்கிறேன் என்று. அதே காலத்து இன்னொரு வைத்திய நூலில் எல்ஃப் அடித்த குதிரைக்குக்கூட சிகிச்சை இருக்கிறது!

குதிரையைச் சாய்த்த இந்த ஆசாமி எப்போது அழகான பக்கத்துவீட்டு அண்ணனாக மாறினார்? என் கணக்குப்படி முதல் குற்றவாளி 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

தாழம்பூ

வந்துவிட்டேன் :)

டோல்கீனைச் சொன்னால் பாதி உண்மைகூட இல்லை. அவருக்கு முன்னால் எல்ஃப் எந்த நிலைமையில் இருந்தது என்று பாருங்கள். ஷேக்ஸ்பியர் 1590களில் இந்தக் கூட்டத்தை மேடையில் ஏற்றிக் குட்டியாக்கினார், ஏகோர்ன் (ஓக் மரத்துக் கொட்டை) ஓட்டுக்குள் ஒளிந்துகொள்கிற அளவுக்கு. அடுத்து 1627இல் மைக்கேல் டிரேட்டன் 'நிம்ஃபிடியா' என்று ஒரு கவிதை எழுதினார், அதில் வீரன் ஒருவன் பூச்சி மேல் ஏறிச் சண்டைக்குப் போவான். விக்டோரியா காலம் வந்ததும் சிறகு ஒட்டி, பூவுக்குள் உட்கார வைத்து, வாழ்த்து அட்டையில் அச்சடித்துத் தள்ளினார்கள். பயத்தைக் கொன்றவர்கள் இவர்கள். டோல்கீன் பிறந்ததே 1892இல் தான், அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

சின்ன வயதில் அவரும் அந்தப் பாணியில் ஒரு கவிதை எழுதினார் (1915, 'காப்ளின் ஃபீட்'). பிற்காலத்தில் அந்தக் கவிதையை அவருக்கே பிடிக்கவில்லை. 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றிப் பேசியபோது டிரேட்டனின் பூச்சிச் சவாரியை நன்றாகக் கிழித்திருக்கிறார். எல்ஃபைத் திரும்ப மனித உயரத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்.

பயம் இல்லை என்பதும் தப்பு. லார்ட் ஆஃப் த ரிங்ஸில் எல்ஃப்கள் வாழ்கிற லோத்லோரியன் காட்டுக்குள் நுழைய போரோமிர் என்கிற மனித வீரர் எப்படித் தயங்குகிறார் என்று மறுபடி படியுங்கள். உள்ளே போனவர்களில் சிலர்தான் திரும்புவார்கள், திரும்புகிறவர்களும் சேதமில்லாமல் வருவதில்லை என்று அவருடைய நாடான கொண்டோரில் பேச்சு. பக்கத்து நாட்டு ரோஹன்காரர்கள் அந்தக் காட்டின் தலைவி கலாட்ரியலை வலை விரிக்கிற மந்திரக்காரி மாதிரிதான் நினைக்கிறார்கள். டோல்கீனின் இன்னொரு புத்தகமான சில்மரில்லியன் பக்கம் போனால் ஃபியானோர் என்கிற எல்ஃப் தலைவனின் ஆட்கள் கப்பலுக்காகச் சொந்த இனத்தையே துறைமுகத்தில் வெட்டிப் போடுகிறார்கள். ரொட்டி கொடுத்து அனுப்புகிற ஆட்களா இவர்கள்?

பகடை_உருட்டி

டோல்கீன் இல்லை ப்ரோ, எங்கள் ஆட்கள்தான். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுகிற விளையாட்டு, 1974. நான் அந்த விளையாட்டை நடத்துகிறவன், உள்ளிருந்தே காட்டிக்கொடுக்கிறேன்.

1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் எல்ஃப் என்பது என்ன? சுறுசுறுப்புக்கு ஒன்று கூட்டு, உடல் உறுதியில் ஒன்று கழி. ரகசியக் கதவு பக்கத்தில் நடந்து போனாலே ஆறில் ஒரு வாய்ப்பில் கண்ணில் படும். வில்லும் வாளும் எடுத்தால் கூடுதல் மதிப்பெண். எதை அட்டவணையில் எழுதிவிட்டோமோ அதைக் கண்டு யாரும் பயப்பட மாட்டார்கள், அவ்வளவுதான் சங்கதி.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கோணல் ஒன்று இருக்கிறது. அதே கையேட்டில், தூக்க மந்திரமும் மயக்க மந்திரமும் எல்ஃபிடம் 90 சதவீதம் பலிக்காது. பழைய கதைகள் முழுக்க மயக்குகிறவர்கள் எல்ஃப்கள், மயங்கிப் போகிறவன் மனிதன். விளையாட்டில் எல்ஃப் மயங்காத ஆள்! எல்ஃபாக ஆடுகிறவன் நம் பக்கத்தில் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிடுகிறான் அல்லவா, அதனால் அவனுடைய பழைய ஆயுதத்தையே அவனுக்குக் கேடயமாகக் கொடுத்துவிட்டார்கள். வேட்டைக்காரன் கட்சி மாறி நம் ஆள் ஆகிவிட்டான். அதற்கப்புறம் வந்த கணினி விளையாட்டுகள் பாதி இந்த அச்சிலிருந்து வந்தவைதான்.

பழைய_வாசகன்

தாழம்பூ மேடம், போரோமிர் பயப்படுகிறார், சரி. ஆனால் பக்கத்திலேயே கதாநாயகர்களில் ஒருவரான அராகார்ன் நிற்கிறார், சேதமில்லாமல் என்று சொல்லாதே, மாறாமல் என்று சொல் என்று திருத்துகிறார். வாசகனும் அராகார்ன் பக்கம்தான். போரோமிரின் பயம் ஊர்ப்புரளி, விஷயம் தெரியாதவனின் பயம் என்று கதையே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. நான் கேட்பது வேறு. படிக்கிற எனக்குப் பயம் வர வேண்டும்.

டென்மார்க் நாட்டுப்பாடல் ஒன்றைச் சொல்கிறேன், ஸ்காண்டிநேவியா முழுக்க இதற்கு ஏகப்பட்ட வடிவங்கள் உண்டு. ஓலுஃப் என்கிற பிரபு தன் கல்யாணத்துக்கு ஆட்களை அழைக்க ராத்திரி குதிரையில் போகிறான். வழியில் எல்ஃப்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி கை நீட்டி ஆட வா என்கிறாள், பரிசும் தருகிறேன் என்கிறாள். நாளைக்கு எனக்குக் கல்யாணம், ஆட மாட்டேன் என்கிறான். அவள் நெஞ்சில் அடிக்கிறாள். வீட்டுக்கு வெளிறிப்போய் வந்து சேர்கிறான். மறுநாள் மணப்பெண் வந்து மாப்பிள்ளை எங்கே என்று கேட்டு, சிவப்புத் துணியை விலக்கிப் பார்த்தால் பிணமாகக் கிடக்கிறான்.

இதில் அவன் செய்த தப்பு என்ன? ஒன்றும் இல்லை. மரியாதையாகத்தான் மறுத்தான், வரப்போகிற பெண்டாட்டிக்கு உண்மையாக இருந்தான். ஆடியிருந்தாலும் தப்பித்திருப்பான் என்று சொல்ல முடியாது. நல்லவனாக இருந்தால் பிழைப்பாய் என்கிற விதியே அங்கே செல்லுபடியாகாது. டோல்கீன் உலகத்தில் ஒரு எல்ஃப் கெட்டது செய்தால் அதற்குப் பின்னால் சபதம், பேராசை, வஞ்சம் என்று காரணம் இருக்கும், கடைசியில் தண்டனையும் வரும். அது சோகம், எனக்கும் பிடிக்கும். ஓலுஃபுக்கு நடந்ததை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

எரிமலைப்பாறை

குறுக்கிடுகிறேன். நீங்கள் எல்லோரும் பழைய எல்ஃப் என்றால் பயம் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். வடக்குப் பக்கம் போனால் கதையே வேறு.

சிக்வாட்ர் என்று நார்வே அரசரின் அவைக்கவிஞர் ஒருவர், 1020 வாக்கில் தூது வேலையாக ஸ்வீடனுக்குப் போகிறார். ராத்திரி தங்க ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் அந்த அம்மா உள்ளே விடவில்லை. வீட்டில் எல்ஃப்களுக்குப் பலி நடக்கிறது, வெளி ஆள் வரக்கூடாது. கவிஞருக்குச் செம கடுப்பு, அந்தப் பயணத்தைப் பற்றியே கவிதை எழுதி வைத்துவிட்டார், அதனால்தான் நமக்குத் தெரிகிறது. இது கோவில் திருவிழா இல்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்குள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டு ஆட்களே செய்கிற சடங்கு. கோர்மாக்கின் சாகா என்கிற பழைய ஐஸ்லாந்துக் கதையில் இன்னும் சுவாரசியம். சண்டையில் பட்ட காயம் ஆறாதவனிடம் குறி சொல்கிற பெண் ஒரு மேட்டைக் காட்டி, காளையின் ரத்தத்தை அதன் மேல் பூசு, கறியை எல்ஃப்களுக்கு விருந்தாக வை, ஆறிவிடும் என்கிறாள். குத்துகிறவனும் அவனே, ஆற்றுகிறவனும் அவனே.

இங்கிலாந்திலும் அப்படித்தான் குழப்பம். பியோவுல்ஃப் காவியம் எல்ஃப்களை காயீனின் வம்சத்தில், அரக்கர் வரிசையில் சேர்க்கிறது. அதே கையெழுத்துப் பிரதியில், ஆமாம், அதே தோல்கட்டில்தான், யூதித் என்கிற கவிதையும் இருக்கிறது. அதில் பைபிள் நாயகி யூதித்தை எல்ஃபைப் போல ஒளிரும் அழகி என்று வர்ணிக்கிறார்கள். ஒரே பிரதியைப் படிக்கிற துறவிக்கு இரண்டும் உறுத்தவில்லை. அந்த நாட்டு அரசர்களும் பிஷப்புகளும் ஆல்ஃப்ரெட், ஆல்ஃப்ரிக் என்று எல்ஃப் சேர்த்த பெயரைப் பெருமையாக வைத்துக்கொண்டார்கள், அரக்கன் பெயரை யாரும் பிள்ளைக்கு வைக்கவில்லை. ஆக, அழகு டோல்கீன் சேர்த்த ஒட்டு இல்லை. ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது.

ஞாயிறு_தூக்கம்

இழை செமையாகப் போகிறது. நான் அனிமே பார்த்து இந்தப் பக்கம் வந்தவன், இரண்டு சந்தேகம். காது எப்போது கூர்மையானது? அப்புறம், ஐஸ்லாந்தில் இப்போதும் எல்ஃப் இருக்கிறது என்று சொல்லி ரோடு போடாமல் நிறுத்துகிறார்களாமே, நிஜமா?

தாழம்பூ

காதுக்கு நான் பதில் சொல்கிறேன். லார்ட் ஆஃப் த ரிங்ஸில் எல்ஃபுக்குக் கூர்க்காது என்று எங்கேயும் எழுதவில்லை, தேடிப் பாருங்கள். அவருடைய மொழிக் குறிப்புகளில் ஓரிடத்தில் மட்டும், மனிதரைவிடக் கூராகவும் இலை வடிவிலும் இருக்கும் என்று ஒரு வரி வருகிறது. அது வெளியானது அவர் காலத்துக்கு அப்புறம். விக்டோரியா காலத்து ஓவியர்கள் குட்டித் தேவதைகளுக்கு முன்பே கூர்க்காது வரைந்துகொண்டிருந்தார்கள்.

ஜப்பானியப் பாணி நீளக் காதுக்கு ஒரு தனி மூலம் உண்டு, அதுவும் பகடை_உருட்டியின் விளையாட்டுதான். 1986இல் அங்கே ஒரு கணினி விளையாட்டுப் பத்திரிகை, சிலர் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியதை அப்படியே தொடராக வெளியிட்டது. அது 'ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்' என்கிற ஃபேண்டஸி தொடர் ஆனது. அதில் வந்த டீட்லிட் என்கிற எல்ஃப் பெண்ணுக்கு வரைந்த நீளக் காதுதான் பிற்பாடு அங்கே வழக்கமாகிப்போனது.

எரிமலைப்பாறை

ஐஸ்லாந்து விஷயம் நிஜம், ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகைகள் காட்டுகிற மாதிரி இல்லை. பெரிதாகப் பேசப்பட்டது கால்காஹ்ரவுன் என்கிற எரிமலைக்குழம்புப் பாறைவெளி, தலைநகர் ரெய்க்யவிக் பக்கத்தில். ஆல்ஃப்தானெஸுக்குப் புது ரோடு அதை வெட்டிக்கொண்டு போக இருந்தது. 2013இல் போராட்டம், போலீஸ் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனது. போராடியவர்களில் பெரும்பாலோர் சொன்னது சுற்றுச்சூழல். எல்ஃப்களின் தேவாலயம் அங்கே இருக்கிறது என்று சொன்ன பெண்மணியும் கூட்டத்தில் இருந்தார், உலகப் பத்திரிகைகள் அவரை மட்டும் பிடித்துக்கொண்டன. கடைசியில் ரோடு வந்தது. தேவாலயம் என்று சொல்லப்பட்ட பாறையை 2015இல் கிரேன் வைத்துத் தூக்கி வேறிடத்தில் வைத்தார்கள்.

ரெய்க்யவிக்கை ஒட்டிய கோபவோகுர் ஊரில் ஆல்ஹோல் என்று ஒரு மேடு இருக்கிறது, எல்ஃப் மேடு. தெருவே அங்கே ஒடுங்கி வளைந்து போகும். இடிக்கப் போனபோது கருவி உடைந்தது, வேலையாட்கள் பின்வாங்கினார்கள் என்று ஊரில் கதை. நம்புகிறீர்களா என்று கேட்டால் அங்கே பலரும் சிரிப்பார்கள். இல்லை என்று அடித்துச் சொல்லவும் பலர் தயாராக இல்லை. கதைகள் ஏராளம். யோன் ஆர்னசோன் என்ற நூலகர் தொகுத்து 1862–64இல் இரண்டு தொகுதிகளாக வந்த நாட்டுப்புறக் கதைகளில் இவர்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. அந்தத் தொகுப்பில் ஒன்று: கடவுள் பார்க்க வருகிறார் என்று ஏவாள் குளிப்பாட்டி முடித்த பிள்ளைகளை மட்டும் காட்டி, அழுக்குப் பிள்ளைகளை ஒளித்துவிட்டாள். என்னிடம் ஒளித்தது மனிதரிடமிருந்தும் ஒளிந்திருக்கட்டும் என்று கடவுள் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைகளின் வம்சம்தான் இவர்கள். நம் பெரியம்மா பிள்ளைகள் மாதிரி என்றே வைத்துக்கொள்ளுங்களேன், சொந்தம்தான், பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

இரவுப்பணி

எப்போதும் படித்துவிட்டுப் போய்விடுகிற ஆள் நான், இதற்கு மட்டும் எழுதுகிறேன். பயம் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறீர்கள். அந்தப் பயம் என்ன செய்தது என்று யாருமே சொல்லவில்லையே.

1662இல் ஸ்காட்லாந்தின் ஆல்டெர்னில் இசபெல் கௌடி என்கிற பெண்ணைச் சூனியக்காரி என்று விசாரித்தார்கள். எல்ஃப் பையன்கள் கல் அம்பு செதுக்குவதைப் பார்த்தேன், அதை வைத்து ஆட்களைக் கொன்றேன் என்று வாக்குமூலம் இருக்கிறது. வயலில் கிடைத்த கற்கால அம்புமுனைகளைத்தான் எல்ஃப் அம்பு என்று அந்த ஊரில் நம்பினார்கள். மாடு படுத்துவிட்டால்கூட அதுதான் காரணம். யார் எய்தது என்று கேள்வி வரும்போது எல்ஃபைப் பிடிக்க முடியாது, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிடிக்கலாம்.

இன்னொன்று, மாற்றிவைத்த பிள்ளை. குழந்தை வளர்ச்சியில் பின்தங்கினால், பேச்சு வராவிட்டால், இது என் பிள்ளை இல்லை, அவர்கள் தூக்கிப்போய்விட்டு இதை வைத்துவிட்டார்கள். நிஜப் பிள்ளை திரும்ப வர வேண்டுமானால் இருக்கிற பிள்ளையைக் கொடுமைப்படுத்த வேண்டும், அடிப்பது, குளிரில் போடுவது, நெருப்புக்குப் பக்கத்தில் பிடிப்பது. 1895இல் அயர்லாந்தின் திப்பரேரியில் பிரிட்ஜெட் கிளியரி என்கிற 26 வயதுப் பெண், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தவர். இது என் மனைவி இல்லை, தேவதைக் கூட்டம் மாற்றி வைத்துவிட்டது என்று கணவன் உறவினர்கள் கண்முன்னே எரித்துக் கொன்றான். நிஜ மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று பழைய மண்கோட்டைப் பக்கம் காத்திருந்தான். கொலைக் குற்றம்கூட நிரூபணமாகவில்லை, அதற்குக் குறைந்த பிரிவில்தான் தண்டனை. மின்விளக்கும் ரயிலும் வந்துவிட்ட காலம் அது.

வளர்ச்சி தாமதமான குழந்தைகள் இருக்கிற வார்டில் வேலை செய்கிறேன். அதனால் அட்டவணை எல்ஃபும் வாழ்த்து அட்டை எல்ஃபும் எனக்குப் போதும்.

பழைய_வாசகன்

இரவுப்பணி, நீங்கள் எழுதியதற்கு அப்புறம் லேசாகப் பேச முடியவில்லை. நான் கேட்கிற பயம் புத்தகத்துக்குள் மட்டும் இருக்க வேண்டியது. வீட்டுக்குள் இருந்தபோது அது யார் தலையில் விழுந்தது என்பதை நீங்கள் காட்டிவிட்டீர்கள். ஒரு யோசனை மட்டும். எல்ஃப் கதையை எழுதுகிறவர்கள் அந்த மாற்றிவைத்த பிள்ளையின் பக்கத்திலிருந்து எழுதலாம். 1954இல், டோல்கீனின் முதல் பாகம் வந்த அதே வருடம், பால் ஆண்டர்சனின் 'த புரோக்கன் சோர்ட்' வந்தது. அதில் தூக்கிப்போன மனிதப் பிள்ளையும் மாற்றி வைத்த பிள்ளையும் இரண்டு பேருமே வளர்கிறார்கள், இரண்டு பேருடைய வாழ்க்கையும் நாசமாகிறது. எல்ஃப்கள் அதில் அழகு, அறிவு, நாகரிகம் எல்லாம் உடையவர்கள், இரக்கம் மட்டும் கிடையாது. 1992இல் டெர்ரி பிராட்செட் 'லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்' எழுதியபோதும் இதையேதான் பிடித்தார். அவர்களுடைய கவர்ச்சியில் மயங்கி ஊரே தன்னைத் தாழ்வாக நினைக்க ஆரம்பிக்கும், அதுதான் அவர்கள் உள்ளே வரும் வழி. சிரிக்க வைக்கிற எழுத்தாளர்தான், ஆனால் அந்த எல்ஃப்கள் வரும் பக்கங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு_தூக்கம்

அப்படியென்றால் அனிமேயில் வருகிற எல்ஃப் பெண் ஃப்ரீரென் எந்தப் பக்கம்? அவளுக்கு ஆயிரம் வயதுக்கு மேல், பத்து வருடம் கூடச் சுற்றிய ஹிம்மல் செத்ததும்தான், இந்த மனிதனைத் தெரிந்துகொள்ளவே இல்லையே என்று அழுகிறாள். பயமே இல்லை, ஆனால் அவள் நம் ஆள் என்றும் சொல்ல முடியவில்லை.

பகடை_உருட்டி

அருமையான கேள்வி. அந்தக் கதையில் பழைய எல்ஃபை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று பாருங்கள், அங்கே வருகிற அசுரர்கள்! மனித உருவம், நல்ல அழகு, இனிமையான பேச்சு. ஆனால் பேச்சு அவர்களுக்கு மனிதரை ஏமாற்றக் கிடைத்த கருவி மட்டும்தான். அம்மா என்று கூப்பிடுகிற அந்தக் குட்டி அசுரப் பெண்ணை ஊர்க்காரர்கள் வீட்டில் வைத்து வளர்க்கிறார்களே, அது பழைய மாற்றிவைத்த பிள்ளைக் கதை. இரவுப்பணி சொன்னதற்கு அப்புறம் யோசித்தால், இந்த முறை சந்தேகப்பட்டவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகக் கதை காட்டுவது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. எல்ஃபின் அழகையும் ஆயுளையும் ஃப்ரீரெனுக்குக் கொடுத்துவிட்டு, ஆபத்தை அப்படியே பிரித்து வேறு இனத்துக்கு எழுதி வைத்துவிட்டார்கள்.

எங்கள் விளையாட்டிலும் இதே பாகப்பிரிவினை நடந்தது. கெட்டதையெல்லாம் மொத்தமாக டிரோ என்கிற கறுப்பு நிற, பாதாள எல்ஃப்கள் தலையில் கட்டினார்கள். 1977, 78 வாக்கில் ஆரம்பம். 13ஆம் நூற்றாண்டிலேயே ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோர்ரி ஒளி எல்ஃப், இருள் எல்ஃப் என்று பிரித்து, ஒரு கூட்டம் சூரியனைவிட அழகு, இன்னொன்று தாரைவிடக் கறுப்பு என்று எழுதியிருக்கிறார்தான். அதைத் தோல் நிறத்தோடும் ஒரு இனம் முழுக்கப் பிறவியிலேயே கெட்டது என்பதோடும் சேர்த்தால் எங்கே போய் நிற்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது அந்த நிறுவனமே பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறது.

எரிமலைப்பாறை

ஸ்னோர்ரியின் அந்தப் பிரிவினையே கிறிஸ்தவ தேவதூதர், சாத்தான் கணக்கைப் பார்த்து வந்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவருக்கு முந்தைய கவிதைகளில் அப்படித் தெளிவான இரண்டு கட்சி கிடையாது. கொல்லன் வோலுண்டை எல்ஃப்களின் தலைவன் என்கிறது பழைய பாட்டு ஒன்று. அவனைப் பிடித்துக் கால் நரம்பை வெட்டித் தீவில் அடைத்த அரசனின் மகன்களைக் கொன்று, மண்டையோட்டில் வெள்ளி பூசி அரசனுக்கே கிண்ணமாக அனுப்புகிறான். அவன் ஒளியா இருளா, எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

பகடை_உருட்டி

அடுத்த ஆட்டத்தில் இவனை அப்படியே இறக்கப்போகிறேன். எண் எதுவும் எழுத மாட்டேன். ஆட்டக்காரர்கள் அவனிடம் ஒரு வாள் செய்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும், விலையை அவன் சொல்வான்.

தாழம்பூ

விலை என்ன என்று இங்கேயும் வந்து சொல்லுங்கள். ஞாயிறு_தூக்கம், படிக்க ஆரம்பிப்பதாக இருந்தால் முதலில் அந்த டென்மார்க் பாட்டு, பத்து நிமிடம்கூட ஆகாது. அப்புறம் ஆண்டர்சன். டோல்கீனை அதற்கப்புறம் எடுத்தால் லோத்லோரியன் அத்தியாயத்தில் போரோமிர் எனக்குக் கேட்ட மாதிரி உங்களுக்கும் கேட்கும், பழைய_வாசகன் என்ன சொன்னாலும்.

பழைய_வாசகன்

அராகார்ன் பக்கத்தில்தான் நிற்பார், மறக்க வேண்டாம்.